என் மகளுக்கே இடம் கொடுக்காதவன்

ஜூன் 12

துணைவேந்தர் அறையில் நெடுநேரம். ஆனர்ஸ் திட்டம் உறுதியாகிவிட்டது. எல்லாத் துறைகளிலும் முதலாண்டு முடித்த பிள்ளைகளில் கெட்டிக்காரர்களாக இருபது பேரைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அவர்களுக்குத் தனி அறை, தனி வகுப்பு, தனி ஆய்வு. கோடையில் பெங்களூர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் ஆறு வாரப் பயிற்சிக்கு அவர்களில் ஒருவர் போகலாம். ஒருங்கிணைப்பாளர் யார் என்றால் அடியேன்தான், இயற்பியல் துறைப் பேராசிரியர் கோமதிநாயகம்.

"உங்கள விட்டா யாரு சார் இருக்கா? கை சுத்தமான ஆளு" என்றார் துணைவேந்தர். முகத்துதிதான். ஆனால் பொய் இல்லை. இத்தனை வருஷத்தில் நான் யார் வாசலிலும் சிபாரிசுக்கு நின்றதில்லை. என் வாசலில் வந்து நின்றவனையும் உட்காரச் சொன்னதில்லை.

வீட்டில் சொன்னேன். உலகம்மை மின்வாரிய ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். "அப்ப இனி ஞாயித்துக்கெழமையும் வீட்ல தங்க மாட்டிய" என்றாள். வாழ்த்துகிற லட்சணம் இது. காந்திமதிதான் குதித்தாள். அவள் எங்கள் துறையிலேயே இரண்டாம் ஆண்டு போகிறாள்.

"ப்பா, நானும் எழுதலாம்லா?"

"தாராளமா எழுது. யாரு வேண்டாங்கா?"

பெங்களூர் என்றதும் அவள் கண் விரிந்ததைப் பார்த்தேன். அங்கே ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. சின்ன வயதிலிருந்து அதைப் பற்றியே பேச்சு.

ஜூன் 20

ஆனர்ஸ் பிள்ளைகளின் அடையாள அட்டைக்கு என்ன நிறக் கயிறு என்று ஒரு கூட்டம். துணைவேந்தர் மஞ்சள் என்றார். கணிதத்துறை ஜெபசெல்வி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பொம்பளப் பிள்ளைக கழுத்துல நாம கட்டுன மாதிரி ஆயிரும் சார்." காவி என்றால் அரசியல், சிவப்பு என்றால் அரசியல், கறுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். கடைசியில் சாம்பல். அறிவாளிகளை அடையாளம் காட்டச் சாம்பலைத் தவிர இந்த நாட்டில் நிறம் மிச்சமில்லை.

ஜூன் 25

காலையில் மோட்டார் போட்டுவிட்டுப் பேப்பரில் மூழ்கிவிட்டேன். மாடியிலிருந்து காந்திமதி கத்தினாள்: "ப்பா, தண்ணி வழியுது!" தினசரி இதே கதைதான். அவள் கத்த வேண்டும், நான் எழுந்து போய் அணைக்க வேண்டும்.

அவள் மாடியில் என்ன செய்கிறாள் என்றால், பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிப் போட்ட டிவி டிஷ்ஷைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, கேபிள்காரர்கள் வைத்திருக்கும் மீட்டர் ஒன்றை மாட்டி, சூரியனை நோக்கித் திருப்பி வைத்திருக்கிறாள். சூரியன் நேரே வந்தால் முள் ஏறுகிறது, விலகினால் இறங்குகிறது. சூரியனின் இரைச்சல் என்கிறாள். கெட்டிக்காரத்தனம்தான். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு ஏறும்.

ஜூலை 3

கேன்டீனில் தூணுக்கு அந்தப் பக்கம் வேதியியல்காரர்கள். "மகளுக்குத்தான வே இந்தத் திட்டமே. முத சீட்டு யாருக்குன்னு எழுதித் தரவா?" சிரிப்பு. டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாய்கள்! முப்பது வருஷம் நான் காப்பாற்றிய பெயரை வடைக்குத் தொட்டுக்கொள்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் காந்திமதியைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "காம்பவுண்டுக்குள்ள நான் ஒனக்கு அப்பா கெடையாது. சார். புரிஞ்சுதா?"

"சரிப்பா" என்றாள். முறைத்தேன். "சரிங்க சார்" என்று சிரித்துக்கொண்டே சல்யூட் அடித்தாள்.

ஜூலை 9

எழுத்துத் தேர்வு முடிவு வந்துவிட்டது. காந்திமதி மூன்றாவது. பல்கலைக்கழகம் முழுக்க எழுதியதில் மூன்றாவது! கொஞ்சம் குறைத்து எழுதியிருக்கக் கூடாதா இந்தப் பெண்? பதினைந்து, பதினாறு என்று வந்திருந்தால் ஒருவனும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான்.

ஜூலை 11

துணைவேந்தர் போன் செய்தார். ரோஹித் பாண்டியன் என்று ஒரு பையன். சிண்டிகேட் உறுப்பினர் ஒருவரின் மகன். எழுத்துத் தேர்வில் எங்கேயோ கீழே கிடக்கிறான். "நான் எதுவும் சொல்லல சார். நேர்முகத்துல பையன நல்லாப் பாருங்க, அவ்வளவுதான்." சிபாரிசு இல்லையாம் இது. எனக்கும் அப்படித்தான் படுகிறது. நன்றாகப் பார்க்கச் சொல்வது எப்படிச் சிபாரிசாகும்?

கடவாய்ப் பல்லில் வலி.

ஜூலை 14

நேர்முகத் தேர்வு. நான், ஜெபசெல்வி அம்மாள், மதுரையிலிருந்து வந்த வெளித் தேர்வாளர் ஒருவர். ஆளுக்கு இருபது மதிப்பெண்; இறுதிப் பட்டியல் இதை வைத்துத்தான்.

காந்திமதி வரும்போது நான் எழுந்து வெளியே போயிருக்கலாம். ஜெபசெல்வி அம்மாளும் அதைத்தான் சொன்னார். "நீங்க கொஞ்ச நேரம் டீ குடிச்சிட்டு வாங்க சார்." நான் மாட்டேன் என்றேன். வெளியே போனால் கண்ணைக் காட்டிவிட்டுப் போனான் என்பார்கள். உட்கார்ந்தேன். மற்றவர்கள் வாயே திறக்காதபடி நானே கேள்வி கேட்டேன்.

"விண்ணப்பத்துல எழுதியிருக்கியே, நீ மாடியில மீட்டர்ல பாத்தது சூரியன்தான்னு என்ன நிச்சயம்? வீட்டு மோட்டாரா இருக்கக் கூடாதா?"

"டிஷ்ஷ அசைக்காம வச்சிட்டேன் சார். சூரியன் நகந்து போனதும் முள்ளு எறங்கிட்டு. மறுநாள் கிட்டத்தட்ட அதே நேரம் மறுபடி ஏறிட்டு. எங்க வீட்ல மோட்டார் போடுதவங்க அவ்வளவு நேரம் தவறாத ஆள் கெடையாது சார்."

மதுரைக்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. "வாயாடுறது பதில் ஆகாது" என்றேன். பிறகு விடவில்லை. மற்றவர்களைப் பத்து நிமிஷத்தில் அனுப்பினோம். இவளை முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்தேன். குவாண்டத்தில் கேட்டேன், வெப்ப இயக்கத்தில் கேட்டேன், முதுகலைப் பாடத்திலிருந்தும் கேட்டேன். சொல்லிக்கொண்டே வந்தாள். தண்ணீர் வேண்டும் என்றாள். "முடிஞ்சதும் குடிக்கலாம்" என்றேன். ஜெபசெல்வி அம்மாள் தன் பாட்டிலை நகர்த்தினார். நான் பார்த்த பார்வையில் கை நின்றுவிட்டது.

கடைசிக் கேள்விக்கும் பதில் சொன்னாள். ஆனால் குரல் நடுங்கியது. ஆராய்ச்சிக்கு வேண்டியது நிதானம். பதற்றம் உள்ளவர்களை எடுத்து என்ன செய்வது? நாலு போட்டேன். மற்ற இருவரும் பதினெட்டு, பத்தொன்பது என்று தாராளமாக இருந்தார்கள். அவரவர் மனசாட்சி.

ரோஹித் பாண்டியனும் வந்தான். ஆனர்ஸில் ஏன் சேர விரும்புகிறாய் என்று கேட்டேன். "அப்பா சொன்னாரு சார்" என்றான். நேர்மையான பதில். நேர்மைக்கு ஒரு மதிப்பு வேண்டாமா? பதினெட்டு போட்டேன். துணைவேந்தர் அழைத்து வந்த மதுரைக்காரரும் அள்ளிப் போட்டார். இப்போதுதான் தோன்றுகிறது, போன் எனக்கு மட்டும் வந்திருக்காது.

ஜூலை 16

முடிவு ஒட்டியாகிவிட்டது. இருபதாவது இடம் ரோஹித்துக்கு. காந்திமதி இருபத்தொன்று.

ஜெபசெல்வி அம்மாள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "நாலு மார்க் எப்படி சார் வரும்? அந்தப் பிள்ள எல்லாத்துக்கும் பதில் சொல்லிச்சே. நீங்க எட்டு போட்டிருந்தாக்கூட உள்ள வந்திருக்கும்."

"என் மகளுக்கு நான் சலுகை காட்டணும்னு சொல்றீங்களா மேடம்?"

"சலுகை காட்டாண்டாம் சார். அநியாயம் பண்ணாம இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தக் கண்டிப்பு இவர்களுக்கு ஒருநாளும் புரியாது.

வீட்டில் உலகம்மை சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். காந்திமதி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ப்பா, நான் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லல?"

"ஆபீஸ் விஷயத்த வீட்ல பேசக் கூடாது."

"அப்ப ஆபீஸ்ல வந்து கேக்கட்டா?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ரசம் வேறு உப்புக் கரித்தது.

ஜூலை 28

தொடக்க விழா. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சாம்பல் கயிறு, எல்லாம் ஜோர். பேசும்போது யோசிக்காமலேயே அந்த வரி வந்து விழுந்தது: "இது எப்படிப்பட்ட திட்டம் தெரியுமா? நான் என் மகளுக்கே இடம் கொடுக்காதவன்!"

அடேயப்பா, என்ன கைதட்டல்! வேதியியல்காரர்கள்கூடத் தட்டினார்கள். துணைவேந்தர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். பின்வரிசையில் மற்ற மாணவர்களோடு காந்திமதி நின்றாள். அவளைச் சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்கும். பழகிவிடும்.

ரோஹித்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளையே நிறுத்தியவனிடம் யார் கேட்பார்கள்?

ஆகஸ்ட் 19

பல்லைப் பிடுங்கியாயிற்று. ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்றார் டாக்டர். வாங்கி வர வீட்டில் ஆளில்லை. தாயும் மகளும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள்.

செப்டம்பர் 11

திருச்செந்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் சிறப்புரை. தென்காசியில் ஒன்று, நாகர்கோவிலில் ஒன்று. எல்லா இடத்திலும் அந்த வரியை எதிர்பார்க்கிறார்கள். நாகர்கோவிலில் பேனரிலேயே அடித்துவிட்டார்கள். போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். உலகம்மை பார்த்துவிட்டாள், பதில் இல்லை. காந்திமதி குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள்.

அக்டோபர் 7

ஆனர்ஸ் பெண் ஒருத்தி கல்யாணம் என்று படிப்பையே விட்டுவிட்டுப் போகிறாள். ஓர் இடம் காலி. ஜெபசெல்வி அம்மாள் வேகமாக வந்தார். "அடுத்த ஆளு காந்திமதிதான் சார். இப்ப யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

எப்படிச் சொல்லாமல் இருப்பார்கள்? ஊர் ஊராகப் பேசியிருக்கிறேன். பேனர் அடித்திருக்கிறார்கள். இப்போது பின்வாசல் வழியாக அவளை உள்ளே விட்டால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? நம் திட்டத்தில் காத்திருப்போர் பட்டியல் என்ற வழக்கமே கிடையாது என்று அறிவித்துவிட்டேன். கிடையாது என்று இன்றைக்குத்தான் முடிவு செய்தேன் என்பது வேறு விஷயம்.

உலகம்மைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "ஒங்க பேரக் காப்பாத்த நான் பெத்த பிள்ளதான் கெடச்சாளா? மனுசந்தானா நீங்க?"

பதினைந்து நாளாவது பேச மாட்டாள். நிம்மதி.

டிசம்பர் 2

நூலக வாசலில் காந்திமதி எதிர்ப்பட்டாள். "வணக்கம் சார்" என்று ஒதுங்கி வழிவிட்டாள். கூட வந்த சிறப்பு விருந்தினர், "நல்ல பிள்ள, யாரு சார்?" என்றார். "நம்ம ஸ்டூடண்ட்தான்" என்றேன். சொன்ன பிறகு நெஞ்சில் என்னவோ செய்தது. வாயுவாக இருக்கும்.

ஜனவரி 18

அடுத்த மாதம் டெல்லியிலிருந்து திட்டத்தைப் பார்வையிட ஒரு குழு வருகிறது. அவர்கள் நல்லபடியாக எழுதினால்தான் திட்டம் நிலைக்கும். துணைவேந்தர் என்னை டீனாக்குவதும் அதைப் பொறுத்துத்தான். ஆனர்ஸ் ஆய்வகத்தில் காட்ட உருப்படியாக ஒன்றுமில்லை. பத்தொன்பது பேரும் லேப்டாப்பில் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

மாடிக்குப் போனேன். டிஷ் இருந்தது. இப்போது அதற்கு ஒரு தாங்கி, அளவுகளைத் தானாகப் பதிகிற ஒரு சின்னப் பெட்டி எல்லாம் வைத்திருக்கிறாள். எப்போது செய்தாளோ தெரியாது. அவள் வகுப்பிலிருந்து வரும் முன் வண்டி வைத்து ஆய்வகத்துக்கு எடுத்துப் போய்விட்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். கேட்கிற நிலையில் பேச்சுவார்த்தை இல்லையே.

சாயங்காலம் மாடிக்குப் போனவள் கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. "எங்கம்மா என் டிஷ்ஷு?" என்று அவள் அம்மாவைக் கேட்டாள். உலகம்மை என்னைப் பார்த்தாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

பிப்ரவரி 5

குழு வந்துபோனது. உட்கார்ந்து முழுக்க எழுதுகிறேன்.

தலைவி ஓய்வுபெற்ற விஞ்ஞானி, தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மாள். மற்ற அறைகளை வேகமாகக் கடந்தவர் டிஷ் முன்னால் நின்றுவிட்டார். அதை விளக்க ரோஹித்தைத்தான் நிறுத்தியிருந்தேன். பையன் பார்க்க லட்சணமாக இருப்பான், ஆங்கிலமும் சரளம். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான்.

"பலே. இது சூரியன்தான்னு எப்படிப்பா தெரியும்? வேற ஏதாவது இடைஞ்சலா இருக்கலாமே?" என்றார் அம்மாள்.

ரோஹித் என்னைப் பார்த்தான்.

வரவேற்புக்கு மற்ற மாணவர்களை வரச் சொல்லியிருந்தோம். அந்தக் குழுவில் காந்திமதியும் இருந்தாள். நீர்மோர்த் தட்டோடு சரியாக அந்த நேரம் உள்ளே வந்தாள். தன் டிஷ்ஷைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். உதடு அசைந்தது. அம்மாள் அதைக் கவனித்துவிட்டார்.

"நீ சொல்லேம்மா. ஒனக்குத் தெரியும் போல இருக்கே?"

காந்திமதி என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும், எல்லாம் போய்விடும். 'மகளே' என்று மனசுக்குள் கெஞ்சினேன். அதை மறைக்க மாட்டேன். அவளுக்கு அது கேட்டதா, தெரியாது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மேடம். நான் ஆனர்ஸ் இல்ல. மோர் எடுத்துக்கோங்க" என்றாள்.

எல்லாருக்கும் கொடுத்தாள். கடைசியாக என்னிடம் வந்தாள். "எடுத்துக்கோங்க சார்."

நான் சுதாரித்துக்கொண்டேன். ரோஹித்துக்காக நானே பதில் சொன்னேன். "டிஷ்ஷ அசைக்காம வச்சுப் பாத்தாங்க மேடம். சூரியன் நகந்ததும் முள்ளு எறங்கிட்டு, மறுநாள் அதே நேரம் ஏறிட்டு. மோட்டார் போடுறவங்க அவ்வளவு நேரம் தவறாத ஆளுங்க இல்ல!" அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். நன்றாகத்தான் வேலை செய்கிறது அந்த வரி.

காந்திமதியும் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. காட்டிக்கொடுக்கவில்லை பார், என் ரத்தம்!

பிப்ரவரி 6

காலையில் வீட்டுக் கூடத்தில், "காந்தி, நேத்து ரொம்பப் பொறுப்பா நடந்துகிட்ட" என்றேன். ஏழெட்டு மாதத்தில் நானாகப் போய்ப் பேசியது இதுதான் முதல் தடவை.

"தேங்க்ஸ் சார்" என்றாள்.

"இது வீடு. இங்க அப்பான்னு கூப்பிடலாம்."

"பரவால்ல சார். பழகிட்டு."

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 22

பெங்களூருக்கு ரோஹித் போகிறான். 'டிஷ்' ஆய்வுக்காக. துணைவேந்தருக்கு ஏக சந்தோஷம்.

மே 30

டீன் நியமன ஆணை வந்தது. அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் காந்திமதிக்கு இடம் கிடைத்திருக்கிறது. முதலாண்டிலிருந்து மறுபடி படிக்கப் போகிறாளாம். இங்கே டி.சி.கூட வாங்கியாயிற்று. பெற்றோர் கையெழுத்தை உலகம்மை போட்டிருக்கிறாள்.

"படிச்ச ரெண்டு வருஷமும் வீணாப் போகுமேட்டி!" என்று கத்திவிட்டேன்.

"பரவால்ல சார். அங்க என்ன யாருக்கும் தெரியாது."

உலகம்மை அல்வாப் பொட்டலத்தை வாங்கிப் பிரிக்காமல் அப்படியே பிரிட்ஜில் வைத்தாள். மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறாளாம். கிடைத்ததும் அவளும் அங்கே போகிறாள்.

ஜூன் 14

பஸ் ஏற்றிவிட நானும் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஏதாவது சொல்லுவாள் என்று கீழேயே நின்றேன். பஸ் நகரும்போது, "வாரேன் சார்" என்றாள்.

ஜூலை 27

இரண்டாவது ஆண்டுத் தொடக்க விழா. இந்தத் தடவை பெரிய அரங்கு, நிற்க இடமில்லை. என் வரியைச் சொன்னேன். கைதட்டல் ஓயவில்லை. அப்போது புதுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், ஒங்க மகள் இப்ப எங்க படிக்காங்க?" என்று கேட்டான்.

அவளையே கேட்டுவிடுவோமே என்றேன். அந்த உற்சாகத்தில் போன் போட்டுவிட்டேன். மாற்றல் கிடைத்து உலகம்மையும் போன பிறகு நான் அவர்களோடு பேசுவதே இல்லை, மகள் எடுப்பாளோ மாட்டாளோ என்றுகூட யோசிக்கவில்லை. மைக்கை போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க சார்."

அரங்கம் கொல்லென்று சிரித்தது. "பாத்தீங்களா, காம்பவுண்டுக்குள்ள சார்னுதான் கூப்பிடணும்னு சொல்லியிருந்தேன். இன்னும் அந்த ஒழுக்கம் மாறல!" என்றேன். பிறகு அவளிடம், "புதுப் பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்த சொல்லும்மா" என்றேன்.



"நேர்முகத்துக்குப் போறப்ப தண்ணி கொண்டு போங்க. வேற ஒண்ணுமில்ல. எனக்கு கிளாஸ் இருக்கு. வச்சிரட்டா சார்?"

நகைச்சுவை என்று நினைத்துத்தான் பிள்ளைகள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். ஜெபசெல்வி அம்மாள் மட்டும் எழுந்து வெளியே போனார். நானும் கைதட்டினேன்.

வீட்டுக்கு வந்து மோட்டார் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் வெகுநேரமாகக் கேட்கிறது. மாடியிலிருந்து யாராவது "ப்பா, தண்ணி வழியுது" என்று கத்தினால்தான் எழுந்து போய் அணைத்துப் பழக்கம்.